கொலாட்ஸ் கணக்கை நிரூபிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

விதி இரண்டே வரி. 1 அல்லது அதைவிடப் பெரிய ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள்; ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பதுதான் கொலாட்ஸ் அனுமானம். ஜெர்மானியக் கணித அறிஞர் லோதர் கொலாட்ஸ் 1937-இல் இதைச் சொன்னதாகப் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அவர் 1990-இல் காலமானார். கணக்கு இன்னும் தீரவில்லை.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். யூடியூபில் பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து நோட்டைத் திறப்பவர்கள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கள். “முடிச்சிட்டேன் சார், ஒரு வாட்டி பாத்துடுங்க” என்று வரும் நோட்டுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றன: ஒன்றைக் கூட்டாமல் கழித்தால் உங்கள் நிரூபணம் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை அடுத்தவர் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முயற்சியே வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல.

முதலில் கையால்

கணினியைத் தொடாமல் சில நாள் கையால் ஓட்டுங்கள். 26-ஐப் போட்டால் 10 படியில் 1 வரும். 28-க்கு 18 படி. நடுவில் உள்ள 27-ஐ எடுங்கள்: 111 படி, அதுவும் 9232 வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் 27-ஐ முடித்துவிடலாம். முடிக்க வேண்டும். ஒரு முறை முழுசாக ஓட்டியவருக்குத்தான் இந்தக் கணக்கின் மேல் மரியாதை வரும்.

ஓட்டும்போது இரண்டு எண்ணிக்கைகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை மூன்றால் பெருக்கினோம், எத்தனை முறை பாதியாக்கினோம். 27-க்கு இது 41-உம் 70-உம். கூட்டிய ஒன்றுகளைக் கணக்கில் விட்டால், ஒரு பெருக்கலுக்குச் சராசரியாக 1.585 பாதியாக்கலுக்கு மேல் கிடைத்தால்தான் எண் இறங்கும். 2-இன் எந்த அடுக்கு 3 ஆகிறதோ அந்த அடுக்குதான் இந்த 1.585. பின்னால் இதே எண் மறுபடி வரும்.

தேவையான கருவிகள் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் உள்ள மட்டு எண்கணிதம், பிளஸ் ஒன்னில் வரும் கணிதத் தொகுத்தறிதலும் மடக்கையும். இவை கைக்கு வராமல் மேலே போகாதீர்கள்.

பிறகு கணினி

அரசு கொடுத்த மடிக்கணினி போதும், கைபேசியில்கூட ஓடும். பைத்தான் மொழியில் நிரல் எழுதுங்கள், அது எண்ணின் நீளத்துக்கு வரம்பு வைப்பதில்லை. சி மொழியில் சாதாரண 32 பிட் எண்ணை வைத்து எழுதினால் 113383-இல் மாட்டிக்கொள்வீர்கள். அந்த எண்ணின் பாதை 2,48,21,11,348 வரை ஏறும். குறிக்கு ஒரு பிட் போக, 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,14,74,83,647. திடீரென்று ஒரு குறை எண் திரையில் வரும், அனுமானத்தையே உடைத்துவிட்டதாகத் தோன்றும். எக்செல்லும் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் காக்காது.

நிரலை 1 வரும்வரை ஓட்டத் தேவையில்லை. தொடங்கிய எண்ணைவிடச் சிறியதாக ஆன உடனே நிறுத்தலாம், ஏனென்றால் அந்தச் சிறிய எண்ணை ஏற்கெனவே பார்த்தாயிற்று. 1-க்கு மேற்பட்ட எல்லா எண்ணும் என்றைக்காவது தன்னைவிடக் கீழே இறங்கும் என்று காட்டினாலே அனுமானம் முடிந்தது. இந்த மாற்றுவடிவத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கணினியில் சரிபார்த்தது எத்தனை கோடியானாலும் நிரூபணம் ஆகாது. டேவிட் பரினா என்ற ஆய்வாளர் 2020-இல் 2⁶⁸ வரை எல்லா எண்ணையும் சரிபார்த்தார், பிறகு அதை 2⁷¹ வரை கொண்டுபோனார். உங்கள் மடிக்கணினி அதில் ஒரு துளி சேர்க்கப் போவதில்லை. 1919-இல் கணித அறிஞர் போல்யா சொன்ன ஓர் அனுமானம் கோடிக்கணக்கான எண்களுக்குச் சரியாக இருந்து, 90,61,50,257-இல் உடைந்தது. கணினியை உங்கள் ஊகங்களைக் கொல்வதற்குப் பயன்படுத்துங்கள். அதற்கு அது அருமையான கருவி.

சின்னதாக நிரூபித்துப் பழகுங்கள்

4க+1 வடிவ எண்ணை எடுங்கள் (5, 9, 13 போல; க ஏதாவது ஒரு முழு எண்). அது ஒற்றைப்படை, எனவே 12க+4 ஆகும், பிறகு 6க+2, பிறகு 3க+1. க குறைந்தது 1 என்றால் 3க+1 தொடங்கிய எண்ணைவிடச் சிறியது. முடிந்தது. இரட்டைப்படை எல்லாம் முதல் படியிலேயே இறங்கிவிடும். ஆக, முக்கால்வாசி எண்கள் மூன்று வரியில் ஒழிந்தன. மிச்சம் 4க+3.

அதையும் உடைக்கலாம். 16க+3 போய் 9க+2-இல் நிற்கும். 32க+11 போய் 27க+10 ஆகும், 32க+23 போய் 27க+20 ஆகும். இவற்றை நீங்களே ஓட்டிப் பாருங்கள். 32-ஆல் வகுத்தால் 7, 15, 27, 31 மீதி வரும் எண்கள் மட்டும் இப்போது பாக்கி. 256 வரை போனால் 256 மீதிகளில் 19 மட்டும் மிஞ்சும்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கண் விரியும்: இப்படியே போனால் மிச்சம் பூஜ்யம்தானே? மிச்சத்தின் பங்கு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது என்பது உண்மை. ரிஹோ டெராஸ் 1976-இல் அதை நிரூபித்துவிட்டார். ஆனால் பங்கு பூஜ்யத்தை நெருங்குவதும் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் வேறு வேறு. 31-ஐப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டிப் பாதியாக்கினால் 47, 71, 107, 161, 242. 31 என்பது 2⁵−1. 242 என்பது 3⁵−1. 2-இன் எந்த அடுக்கை எடுத்து ஒன்றைக் கழித்தாலும் இதுதான் கதை. எத்தனை படி வேண்டுமானாலும் விடாமல் ஏறும் எண்ணை ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அதனால் “இத்தனை படிக்குள் கட்டாயம் இறங்கும்” என்று எல்லா எண்ணுக்கும் பொதுவாக ஒரு வரம்பு சொல்லும் நிரூபணம் எதுவும் நிற்காது. இந்த ஏற்றத்தைத் தொகுத்தறிதலில் நீங்களே நிரூபித்துப் பாருங்கள், ஒரு மாலை போதும்.

கழித்தல் சோதனை

கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதியில் ஒரே ஓர் இடத்தை மாற்றுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒன்றைக் கழியுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. இப்போது 5-இல் தொடங்குங்கள்: 14, 7, 20, 10, 5. திரும்ப 5. இது 1-க்கு வரவே வராது. 17-இல் தொடங்கினால் 50, 25, 74, 37, 110, 55, 164, 82, 41, 122, 61, 182, 91, 272, 136, 68, 34, திரும்ப 17. ஆகக் கழித்தல் விதியில் அனுமானம் பச்சைப் பொய்.

இப்போது உங்கள் நிரூபணத்தை எடுங்கள். ‘+1’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் ‘−1’ போட்டு முழுசாக மறுபடி எழுதுங்கள். எந்த வரியில் அது உடைகிறது என்று தேடுங்கள். எங்கேயும் உடையவில்லையா? அப்படியானால் 5-உம் 1-க்கு வரும் என்று நிரூபித்திருக்கிறீர்கள். அது பொய், எனவே உங்கள் நிரூபணமும் தப்பு. தப்பு எந்த வரியில் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கோ இருக்கிறது என்பது உறுதி.

ஒரு மாணவனோடு நடந்த பேச்சு:

“சார், ஒத்தப்படைய மூணால பெருக்கறோம், அப்புறம் சராசரியா ரெண்டு வாட்டி பாதியாக்கறோம். மொத்தத்துல முக்கால் ஆகுது. அப்போ கீழதானே வரணும்?”

“ஒண்ணக் கழிச்சா சராசரி எவ்வளவுப்பா?”

நோட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தான். “அதுவும் முக்கால்தான் சார்.”

“5 எங்க போவுது?”

நோட்டை மூடிவிட்டான். மறு வாரம் திரும்பி வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சராசரி வாதம் பொய்யல்ல, போதாது. தொப்பூர் கணவாய் சேலம் பக்கம் மொத்தத்தில் இறக்கம்தான். அதற்காக அங்கே ஒரு லாரியும் நடுவழியில் நிற்காது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

இதே சோதனைக்கு ஒரு தம்பி உண்டு. மூன்றுக்குப் பதில் ஐந்தால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். 13-இல் தொடங்கினால் 66, 33, 166, 83, 416, 208, 104, 52, 26, திரும்ப 13. எனவே நிரூபணம் ‘3’ என்ற எண்ணின் தனிக்குணத்தை எங்காவது பயன்படுத்தியிருக்க வேண்டும், ‘+1’-ஐயும் பயன்படுத்தியிருக்க வேண்டும். இது வெறும் எச்சரிக்கையல்ல. ஜான் கான்வே 1972-இல் இந்த மாதிரி விதிகளின் பெரிய குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக விடை சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று காட்டினார். பொதுச்சாவி கிடையாது. இந்தப் பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவிதான் வேண்டும்.

வழக்கமாக வரும் மற்ற வகைகளும் இந்தச் சோதனையில்தான் விழுகின்றன. 1-இலிருந்து பின்னோக்கி மரம் வரைந்து, மரம் முடிவில்லாமல் போகிறது, எனவே எல்லா எண்ணும் அதில் உண்டு என்பார்கள்; முடிவில்லாதது எல்லாவற்றையும் அடக்கியதாகிவிடாது, கழித்தல் விதியின் மரமும் முடிவில்லாததுதான், அதில் 5 இல்லை. என்றைக்காவது 2-இன் ஓர் அடுக்கில் விழுந்தே தீரும் என்பார்கள். அதுதானே நிரூபிக்க வேண்டியது. தொகுத்தறிதலில் “இனி எண் குறைகிறது” என்று ஒரு வரி ஓசைப்படாமல் நுழைந்திருக்கும். அந்த வரியைச் சிவப்பு மையால் சுற்றுங்கள்.

சுழல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

அனுமானம் பொய்யாக இரண்டே வழிதான். ஏதோ ஓர் எண் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும், அல்லது 1 இல்லாத ஒரு சுழலில் மாட்ட வேண்டும். ஏறும் எண்ணைப் பற்றிப் புதியவர் செய்யக்கூடியது குறைவு. சுழலில் கை வைக்க இடம் உண்டு, ஏனென்றால் அங்கே ஒரு சமன்பாடு இருக்கிறது.

ஒற்றைப்படை எண் ஒன்றே ஒன்று உள்ள சுழல் என்று வைத்துக்கொள்வோம். ந என்ற அந்த எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டி, க முறை பாதியாக்கினால் திரும்ப ந வர வேண்டும். அதாவது ந × (2-இன் க-ஆம் அடுக்கு − 3) = 1. ந ஒரு நேர் முழு எண், எனவே அடைப்புக்குள் 1 வர வேண்டும், க = 2, ந = 1. தெரிந்த சுழல்தான், வேறு இல்லை. உங்கள் முதல் உண்மையான தேற்றம்!

இரண்டு ஒற்றைப்படை எண்கள் என்றால்? முதலில் ஒரு பாதியாக்கல், அடுத்து இரண்டு என்று வைப்போம். கணக்குப் போட்டால் (9ந+5) ÷ 8 = ந, அதாவது ந = −5. குறை எண் வந்துவிட்டது, தள்ளுபடி. கழித்தல் விதியில் இதே அமைப்பு (9ந−5) ÷ 8 = ந என்று வரும், ந = 5. மேலே பார்த்த சுழல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? 9 என்ற 3²-உம் 8 என்ற 2³-உம் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், பெரியது 9. 17-இன் சுழலில் ஏழு ஒற்றைப்படை எண்கள், பதினொரு பாதியாக்கல்கள்: 3⁷ = 2187, 2¹¹ = 2048. மறுபடி 3-இன் அடுக்குதான் பெரியது. கூட்டல் விதியில் சுழல் வேண்டுமென்றால் 2-இன் அடுக்கு கொஞ்சமே பெரியதாக இருக்க வேண்டும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிற இடம் இது. ஆகவே உருப்படியான வேலை இங்கே நடந்திருக்கிறது.

2-இன் அடுக்கும் 3-இன் அடுக்கும் எவ்வளவு நெருங்க முடியும் என்ற கேள்வி 1.585-இன் தொடர்பின்னங்களுக்கு (பின்னத்துக்குள் பின்னமாக எழுதி ஓர் எண்ணை நெருங்கும் முறை) கொண்டுபோகும். ஷலோம் எலியாஹூ 1993-இல் இந்த வழியில் போய், வேறு சுழல் இருந்தால் அதில் ஒரு கோடியே 70 லட்சம் எண்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்று காட்டினார். கணினிச் சரிபார்ப்பு வளர வளர அந்த எல்லையும் மேலே போய்விட்டது. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் கொண்ட சுழல் 1-ஐத் தவிர வேறில்லை என்று ஸ்டைனர் 1977-இல் நிரூபித்தார். 2005-இல் சைமன்ஸும் டி வேகரும் 68 ஏற்ற இறக்கம் வரை சுழல் இல்லை என்றார்கள், 2023-இல் ஹெர்ச்சர் அதை 91-க்குக் கொண்டுபோனார். இவற்றுக்குப் பின்னால் மடக்கைகள் பற்றிய ஆலன் பேக்கரின் கோட்பாடு இருக்கிறது. கடினம். ஆனால் எம்.எஸ்சி. முடித்தவர் இரண்டு வருடம் உட்கார்ந்தால் எட்டாதது அல்ல.

எதுவரை போயிருக்கிறார்கள்

ஏற்கெனவே நிரூபித்ததை மறுபடி நிரூபித்து ஏமாறாமல் இருக்க இது தெரிய வேண்டும். 1985-இல் ஜெஃப்ரி லகேரியஸ் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி’ இதழில் எழுதிய தொகுப்புக் கட்டுரைதான் நுழைவாயில். இணையத்தில் தேடினால் கிடைக்கும். 2003-இல் கிராசிகோவும் லகேரியஸும் சேர்ந்து, ஒரு பெரிய எண் வரையிலான எண்களில் அதன் 0.84-ஆம் அடுக்கு அளவாவது 1-க்கு வருகின்றன என்றார்கள். 2019-இல் டெரன்ஸ் டாவ் காட்டியது இதைவிட ஆழம்: எவ்வளவு மெதுவாக என்றாலும் முடிவில்லாமல் வளரும் எந்த வரம்பை நீங்கள் வைத்தாலும், கிட்டத்தட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குக் கீழே ஒரு முறையாவது இறங்கிவிடும். ‘கிட்டத்தட்ட எல்லா’ என்பதை ‘எல்லா’ ஆக்க வழி தெரியவில்லை என்று அவரே சொல்கிறார். கணிதம் இந்த மாதிரிக் கணக்குக்கு இன்னும் தயாராகவில்லை என்ற பொருளில் கணித அறிஞர் பால் எர்டிஷ் சொன்னதும் இதைப் பற்றித்தான்.

யாரிடம் காட்டுவது

எழுதும்போது துணைத்தேற்றங்களாக (பெரிய நிரூபணத்துக்குப் படிக்கட்டாகும் சிறு தேற்றங்கள்) உடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். நாற்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு பக்கத்தைப் படிப்பார்கள். மேலே கழித்தல் சோதனையின் முடிவை முதல் வரியாகப் போடுங்கள்: “ஒன்றைக் கழித்தால் இந்த நிரூபணம் மூன்றாம் துணைத்தேற்றத்தில் உடைகிறது, காரணம் இது.” அந்த ஒரு வரி இருந்தால் விஷயம் தெரிந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதலில் பக்கத்திலேயே காட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளின் கணிதத் துறையில் எண்ணியல் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். “ஐயா, அனுமானத்தையே முடித்துவிட்டேன்” என்று போகாதீர்கள். “இந்தத் துணைத்தேற்றம் சரியா, ஐயா?” என்று கேளுங்கள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நமக்குப் பெங்களூரு பக்கம்: இந்தியப் புள்ளியியல் கழகத்தின் மையமும் இந்திய அறிவியல் கழகமும் அங்கே இருக்கின்றன. சென்னையில் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பவும் வேண்டாம், ஐம்பதும் படிக்கப்படாது. ஆர்க்சைவ் தளத்தில் முன்வரைவு போடப் புதியவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவரின் பரிந்துரை வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சடிக்கிறோம் என்று வரும் ‘சர்வதேச இதழ்’ மின்னஞ்சல்களை அப்படியே அழித்துவிடுங்கள்.

பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கும் சறுக்கும். 2011-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஓப்ஃபர், கொலாட்ஸின் மாணவர்தான், ஒரு நிரூபணத்தை வெளியிட்டார். சில வாரங்களிலேயே ஒரு முக்கிய வாதம் முழுமையடையவில்லை என்று அவரே குறிப்பு எழுதிச் சேர்த்தார். அப்படி எழுதியது நல்ல முன்மாதிரி.

“ராமானுஜன் மட்டும் பட்டம் வாங்கினாரா?” என்று கேட்பவர்கள் உண்டு. 1913-இல் அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தனித்தனியாகச் சரிபார்க்கக்கூடிய வாய்பாடுகள் பக்கம் பக்கமாக இருந்தன. கடிதம் படிக்கப்பட்டதற்கு அதுதான் காரணம்.

பரிசுப் பணம் பற்றியும் கேட்பார்கள். எர்டிஷ் 500 டாலர் வைத்தார். ஜப்பானின் பகுஆகே நிறுவனம் 2021-இல் 12 கோடி யென் அறிவித்தது. அமெரிக்காவின் கிளே கணித நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் கணக்குகள் ஏழில் இது கிடையாது, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்று இரவே தொடங்க ஒரு கணக்கு

ஒன்றுக்குப் பதில் ஐந்தைக் கூட்டுங்கள்: மூன்றால் பெருக்கி 5. 19-இல் தொடங்கினால் 62, 31, 98, 49, 152, 76, 38, திரும்ப 19. 23-இல் தொடங்கினால் 74, 37, 116, 58, 29, 92, 46, திரும்ப 23. இரண்டிலும் மூன்று ஒற்றைப்படை எண்கள், ஐந்து பாதியாக்கல்கள். 2⁵ − 3³ = 32 − 27 = 5. கூட்டும் எண்ணும் அதே 5 என்பதால் வகுத்தல் மீதியில்லாமல் போகிறது, எனவே ஐந்தை மூன்று பாகமாகப் பிரிக்கும் ஒவ்வொரு வழியும் ஒரு சுழலைத் தர வேண்டும். சுழலின் ஓர் எண் = 3² + 3 × (2-இன் முதல் பாக அடுக்கு) + (2-இன் முதல் இரண்டு பாகங்களின் கூட்டுத்தொகை அடுக்கு). 1, 1, 3 என்று பிரித்தால் 9 + 6 + 4 = 19. 1, 2, 2 என்று பிரித்தால் 9 + 6 + 8 = 23. வரிசையைச் சுழற்றினால் அதே சுழலின் மற்ற எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். இதே விதியில் 187-இலும் 347-இலும் இன்னும் இரண்டு சுழல்கள் உண்டு. அவற்றுக்கு எத்தனை ஒற்றைப்படை எண்கள், எத்தனை பாதியாக்கல்கள், எந்த இரண்டு அடுக்குகளின் வித்தியாசம் 5-ஆல் வகுபடுகிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்குக் கணினியைப் பயன்படுத்தலாம்.